தீப்பெட்டியில் இருப்பது வெள்ளை பாஸ்பரஸா?

“ராணுவப் புகைக்குண்டில் இருக்கும் வெள்ளை பாஸ்பரஸ்தான் நம்ம வீட்டுத் தீப்பெட்டியிலும் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை” என்று நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

பெட்டியின் பக்கவாட்டில் நாம் உரசும் பட்டையில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சிகளுக்கு இந்தியாவில் 1913-லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. காரணம், உலகெங்கும் அந்தத் தீக்குச்சிகளைச் செய்த ஆலைத் தொழிலாளர்கள் பலருக்குத் தாடை எலும்பே அழுகியது.

வெள்ளை பாஸ்பரஸ் சுமார் 30 டிகிரியில் காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும். நம்ம ஊர் மதிய வெயிலே போதும்! அதனால்தான் ஆய்வகங்களில் தண்ணீருக்குள் வைக்கிறார்கள். எரியும்போது உண்டாகும் ஆக்சைடு காற்றின் ஈரத்தை இழுத்துப் பாஸ்பாரிக் அமிலத் துளிகளாகிறது. படைகளை மறைக்கும் வெண்புகை அதுதான். உடலில் ஒட்டிய துணுக்கோ, தண்ணீர் ஊற்றினால் அணையும். காய்ந்தால் மறுபடி எரியும்.