இடத்துக்குப் புள்ளியா, நேரத்துக்குப் புள்ளியா?

சாலையில் ஓட்டும் கார்களை ஆட்டோகிராஸ், டிராக், டிசைன், சாலை ஓட்டம் என்று பல பிரிவுகளில் மோதவிடும் ஸ்ட்ரீட் கார் போட்டிகளில் முதல் இடத்துக்கு இத்தனை, இரண்டாம் இடத்துக்கு இத்தனை என்று புள்ளி கொடுக்கிறார்களே, அந்த முறையைத் தூக்கிப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வருஷம் முழுக்க காரோடு மல்லுக்கட்டி உருவாக்கிக் கொண்டுவருகிறவர்களுக்கு அது செய்யும் அநியாயம் கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு கணக்கைப் பாருங்கள். கோன் வைத்து அமைத்த பாதையில் ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓட்டும் ஆட்டோகிராஸில் சிவப்பு கார் 40.00 வினாடி, நீலக் கார் 40.10. டிராக்கில் ஒரு சுற்றுக்கு நீலம் 90 வினாடி, சிவப்பு 94. பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் நாலு வினாடிக்கும் ஒரே மதிப்பு போட்டு, இரண்டும் சமம் என்கிறது இடப் புள்ளி. இப்போது மஞ்சள் கார் ஒன்று வந்து ஆட்டோகிராஸில் 40.05 ஓட்டுகிறது, டிராக்கில் கடைசி. சிவப்புக்கு ஒன்றாம் இடமும் இரண்டாம் இடமும், நீலத்துக்கு மூன்றும் ஒன்றும். கோப்பை சிவப்புக்குப் போய்விட்டது! சிவப்பும் நீலமும் எடுத்த நேரத்தில் இம்மியும் மாறவில்லை, யாரோ மூன்றாவது ஆள் வந்ததற்காக நீலக் காரின் ஓட்டுநர் தோற்க வேண்டுமா?

சரி, முதல் காரின் நேரத்தை நம் நேரத்தால் வகுத்து நூறால் பெருக்கிவிடலாமே என்பார்கள். எவ்வளவோ தேவலை, ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. 40 வினாடிப் பாதையில் 50 வினாடி எடுப்பது படுமோசம், அதற்கும் 80 புள்ளி வந்துவிடும். நேரப் பிரிவுகளில் எல்லாரும் 80க்கும் 100க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்க, டிசைனுக்கு நடுவர்கள் போடும் மதிப்பெண் மட்டும் 40லிருந்து 100 வரை விரிந்தால், பெயிண்டும் ஒயரிங் சுத்தமும்தான் கோப்பையை முடிவு செய்யும். நடுவர் மூன்று பேராவது இருக்கட்டும், நடு மதிப்பெண்ணை மட்டும் எடுக்கட்டும்.

பத்து தடகளப் போட்டிகளின் புள்ளிகளைக் கூட்டும் டெக்கத்லானில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 100 மீட்டரை 18 வினாடியில் ஓடினால் பூஜ்யம், அதற்குக் கீழே குறைக்கும் நேரத்துக்குத்தான் புள்ளி. சூத்திரம் முன்பே அச்சில் இருக்கிறது, பக்கத்தில் யார் ஓடினாலும் உங்கள் புள்ளி மாறாது. ஆட்டோகிராஸ் பாதை ஒவ்வொரு முறையும் மாறுமே என்றால், போட்டியில் இல்லாத ஒரு ஓட்டுநர், மாற்றம் எதுவும் செய்யாத ஒரு காரைக் காலையில் ஓட்டி அடிப்படை நேரம் எடுக்கட்டும். அதைவிட 20 சதவீதம் மெதுவானால் பூஜ்யம், வேகமாகப் போகிறவருக்கு உச்சவரம்பே வேண்டாம். எல்லாப் பிரிவுக்கும் இதே கோடு.

டயரையும் சொல்லியாக வேண்டும். டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்ணுக்கு ட்ரெட்வேர் என்று பெயர்; பல போட்டிகளில் அது 200க்குக் குறையக் கூடாது என்று விதி. அந்த எண்ணைத் தன் சோதனையை வைத்து டயர் கம்பெனியே போட்டுக்கொள்கிறது, அதனால் ஒரே 200 போட்ட இரண்டு டயர்களின் பிடிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கும். அனுமதிக்கும் டயர்களின் பட்டியலைப் பெயரோடு வெளியிடுவதுதான் நேர்மை.

அப்புறம், சாலை ஓட்டம். இதற்குப் புள்ளியே கூடாது என்பேன். அமெரிக்காவில் 2005ல் தொடங்கிய டிராக் வீக் (Drag Week) என்ற நேர்கோட்டு வேகப் போட்டியில் ஒரு டிராக்கிலிருந்து அடுத்த டிராக்குக்குப் பொதுச் சாலையில் காரை ஓட்டியே போக வேண்டும், உதவி வண்டி பின்னால் வரக் கூடாது, ஐந்து நாள் நேரங்களின் சராசரிதான் கணக்கு. எல்லா ஸ்ட்ரீட் கார் போட்டிக்கும் இந்தக் கண்டிப்பு வேண்டும். சாலை ஓட்டத்தை முடிக்காமல் டிரெய்லரில் ஏறிய காரின் டிராக் நேரம் எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் பட்டியலில் வரக் கூடாது.