யூடியூபில் ஏற்றிவிட்டு என்னிடம் கருத்து கேட்காதீர்கள்

குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். படத்தை யூடியூபில் ஏற்றி, போஸ்டர் போட்டு, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரையும் டேக் செய்து முடித்த பிறகு "உங்க ஹானஸ்ட் ஃபீட்பேக் சொல்லுங்கண்ணா" என்று இன்பாக்ஸுக்கு வராதீர்கள். வந்தால் "வாழ்த்துகள்" என்று மட்டும்தான் பதில் வரும். இதைத் தலைக்கனம் என்று சிலர் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அந்த நேரத்தில் நான் என்ன சொன்னாலும் உங்கள் படத்தில் ஒரு ஃபிரேம்கூட மாறப்போவதில்லை, விஷயம் அவ்வளவுதான். ஏற்றிய வீடியோவை அதே லிங்க்கில் வைத்துக்கொண்டு புது எடிட்டை மாற்றிப் போட யூடியூப் விடாது. கொஞ்சம் ட்ரிம் பண்ணலாம், ஒரு பாட்டை மியூட் பண்ணலாம். அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமே என்றால், வந்த வியூஸ் போய்விடும் என்று யாருக்கும் மனசு வராது.

அந்த நேரத்தில் கமெண்ட்டில் நடப்பது மொய். என் படத்துக்கு நீ "மேக்கிங் வேற லெவல் ப்ரோ" என்று எழுதினாய், உன் படத்துக்கு நான் "கிளைமாக்ஸ்ல புல்லரிச்சிடுச்சு நண்பா" என்று எழுதுகிறேன். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று இரண்டு பேர் மனசிலும் ஒரு நோட்டு இருக்கிறது. இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். கைக்காசைப் போட்டு, ஆபீசுக்கு லீவு சொல்லி, வீட்டில் திட்டு வாங்கி ஒருவன் படம் எடுத்திருக்கிறான். அன்றைக்கு அவனுக்கு நாலு நல்ல வார்த்தை வேண்டும், நானும் மனசாரச் சொல்வேன். விமர்சனம் கேட்பதற்கு வேறு நாள் இருக்கிறது.

ரஃப் கட், அதாவது காட்சிகளை முதன்முதலாக வரிசையாகக் கோத்த கரட்டு எடிட், முடிந்த நாள்தான் அது. கலர் பண்ணியிருக்காது, பின்னணி இசை இருக்காது, இரண்டு இடத்தில் கறுப்புத் திரையில் "இங்கே பஸ் ஸ்டாண்ட் ஷாட்" என்று எழுத்து ஓடும். காட்டவே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் இருக்கும்போதே காட்டிவிட வேண்டும். எடிட் டைம்லைன் திறந்திருக்கிறது, வெட்டலாம், இடம் மாற்றலாம், நடிகர்கள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார்கள், விட்டுப்போன ஷாட்டை எடுக்க அரை நாள் பேட்ச் வொர்க் போய் வரலாம். சவுண்ட் மிக்ஸிங் வரை முடித்துவிட்டு "ஃபைனலா ஒரு தடவை பாத்துடுங்கண்ணா" என்று வருகிறவன் கேட்பது கருத்து இல்லை, ஆசீர்வாதம்.

யாரிடம் காட்டுவது என்பதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு பையன் ரஃப் கட்டோடு வந்திருந்தான். பதினான்கு நிமிடப் படம். அப்பா இறந்த பிறகு அவருடைய பழைய பட்டன் போனை விற்பதா, வைத்துக்கொள்வதா என்று ஒரு வீட்டுக்குள் நடக்கும் இழுபறி. நண்பர் ஒருவர் வீட்டு ஹாலில் சினிமா பைத்தியங்களாக ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் பேச்சு ஆரம்பித்தது. ஒருவர் லென்ஸைக் கேட்டார், 50 எம்எம்மா 85-ஆ என்று. ஒருவர், சாப்பாட்டுக் காட்சியில் கேமரா 180 டிகிரி கோட்டை, அதாவது பேசும் இருவருக்கு நடுவே மனசில் போட்டுக்கொள்ளும் கோட்டை, தாண்டிவிட்டதாகச் சொன்னார். இன்னொருவர் கலர் கிரேடிங் எப்படி இருக்க வேண்டும் என்று பத்து நிமிடம் வகுப்பெடுத்தார். பையன் எல்லாவற்றையும் போனில் குறித்துக்கொண்டே இருந்தான்.

நண்பரின் அம்மா சுவரோரம் நாற்காலி போட்டு முழுப்படத்தையும் பார்த்திருக்கிறார். நாங்கள் பேசி ஓய்ந்ததும் கேட்டார்: "ஏந்தம்பி, போனை வித்துரலாம்னு நிக்கிறானே, அவன் அந்தப் பொண்ணுக்கு அண்ணனா, வீட்டுக்காரனா?"

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அண்ணன்தான். ஆனால் படத்தில் ஒரு இடத்தில்கூட அவள் அவனை அண்ணா என்று கூப்பிடவில்லை. எழுதியவனுக்குத் தெரியும், நடித்தவர்களுக்குத் தெரியும், எங்களில் பாதிப் பேர் ஸ்கிரிப்டைப் படித்திருந்தோம். அப்பாவின் போனை விற்கச் சொல்வது மகன் என்றால் ஒரு கதை, மருமகன் என்றால் வேறு கதை. எல்லாக் கனமும் அதில்தான் இருக்கிறது. தங்கை அடுப்படியில் முதுகைக் காட்டி நிற்கும் ஷாட் ஒன்று ஏற்கனவே இருந்தது. வாய் தெரியாது. அதன்மேல் "அண்ணா, சாப்டியா?" என்று ஒரு வரியை டப்பிங்கில் ஏற்றினான் பையன். போனிலேயே பதிவுசெய்தது, செலவு ஒன்றுமில்லை. அந்த ஒரு வரிக்குப் பிறகு படமே வேறாகிவிட்டது. லென்ஸ் பேச்சால் என்ன பயன் விளைந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வால்டர் மர்ச் என்று ஒரு அமெரிக்க எடிட்டர். ஒரு கட் எதற்காகச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவரின் கண் திரையில் எங்கே இருக்கிறது என்பதற்கு 7, திரையின் தட்டையான பரப்பில் இடம் வலம் குழம்பாமல் இருப்பதற்கு 5, கடைசியாக, காட்சியில் யார் எங்கே நிற்கிறார் என்ற இடத் தொடர்ச்சிக்கு 4. அந்த 180 டிகிரி கோடெல்லாம் 5, 4 என்று வரும் அந்தக் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. நம் ஆட்கள் இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கீழிருந்து ஆரம்பிக்கிறார்கள், மேலே போவதற்குள் டீ ஆறிவிடுகிறது. காரணமும் புரிகிறது. "கோடு தாண்டிடுச்சு" என்று சொன்னால் விஷயம் தெரிந்தவன் என்று பெயர் கிடைக்கும். "எனக்கு அழுகை வரவேண்டிய இடத்துல வரலை" என்று சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

அதற்காக டெக்னிக்கலாக எதுவும் பேசக்கூடாது என்பதில்லை. பேசினால் துல்லியமாகப் பேச வேண்டும். "லைட்டிங் சரியில்ல" என்பதை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? "டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த காட்சியில பட்டை பட்டையா ஓடுது. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் ஸ்பீடை 1/50 இல்லேன்னா 1/100 செகண்ட்ல வை" என்றால் அடுத்த படத்தில் அந்தத் தொல்லை இருக்காது. சத்தமும் அப்படித்தான். நம் பையன்கள் கேமராவுக்கு நாள் வாடகை கொடுப்பார்கள், மைக்குக்குக் கொடுக்க மாட்டார்கள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், கேமராவிலேயே இருக்கும் மைக் அதைத்தான் முதலில் கேட்கும், வசனத்தைப் பிறகுதான் கேட்கும். மங்கலான படத்தை ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். கேட்காத வசனத்தைப் பொறுத்துக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள், வியர்த்தால் வியர்க்கட்டும். காட்சி முடிந்ததும் யாரும் பேசாமல், நகராமல், அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டில் இரண்டு வசனத்துக்கு நடுவே ஓட்டை விழும்போது கும்பிடுவீர்கள்.

கருத்து சொல்பவர்களிடம் எனக்குள்ள பெரிய சண்டை "நானா இருந்தா" என்று ஆரம்பிப்பவர்களோடுதான். "நானா இருந்தா அந்தப் பொண்ணைக் கடைசியில சாகடிச்சிருப்பேன்." சரி, நீ எடுக்கும் படத்தில் சாகடி. இது அவன் படம். அவனுக்குத் தேவை உன் வைத்தியம் இல்லை, எங்கே வலித்தது என்ற தகவல். "நாலாவது நிமிஷத்துல அவங்க மொட்டை மாடிக்குப் போனதும் நான் வாட்ஸப் பாக்க ஆரம்பிச்சுட்டேன், மறுபடி அம்மா வந்தப்பதான் நிமிர்ந்தேன்." இது போதும். ஏன் என்று அவன் கண்டுபிடிப்பான். "நடுவுல கொஞ்சம் லேக் ப்ரோ" என்பதில் நடு எங்கே இருக்கிறது, கொஞ்சம் என்பது எவ்வளவு?

எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம். நறுக்கென்று நாலு வரியில் கிழித்துத் தொங்கவிட்டால்தான் விமர்சனம் என்று நினைப்பவர்கள். பழைய தனிப்பாடல் ஒன்று உண்டு. மோசமாகப் பாடும் புலவர்களின் தலையில் குட்டப் பிள்ளைப்பாண்டியன் இல்லை, காதை அறுக்க வில்லிப்புத்தூரார் இல்லை, தலையை வெட்ட ஒட்டக்கூத்தன் இல்லை, அதனால் எவனும் புலவன் என்று சொல்லிக்கொண்டு திரியலாம் என்று நொந்துகொள்ளும் பாட்டு. நம் கமெண்ட் பகுதியில் ஒட்டக்கூத்தர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட தலை அடுத்த படம் எடுக்காது. முதல் படம் மோசமாக இருப்பது இயல்பு, ஐந்தாவது படமும் அப்படியே இருந்தால் அப்போது கத்தியைத் தேடலாம்.

கூட்டம் போட்டுத் திரையிடுவதில் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வடபழனி பக்கம் ஒரு பிரிவியூ தியேட்டரை வாடகைக்கு எடுத்து, சினிமாவில் வேலை செய்த யாரையாவது சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, முதல் மைக்கை அவரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் "எமோஷன் நல்லா வந்திருக்கு, லென்த் மட்டும் குறைக்கலாம்" என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு பேசும் எல்லாருக்கும் எமோஷன் நல்லா வந்திருக்கும், லென்த் மட்டும் குறையும். சார் சொன்னதை மறுத்து இரண்டாம் வருட விஸ்காம் மாணவி எழுந்து பேசுவாளா? இதற்கு நான் பார்த்தவரை சுலபமான வழி, படம் முடிந்ததும் யாரும் பேசுவதற்கு முன்பு எல்லாரையும் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்வது. பெயர் போட வேண்டாம். பிறகு வயதில் சின்னவரிலிருந்து பேச்சை ஆரம்பிக்க வேண்டும். சார் கடைசியில் பேசட்டும், அவருக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும்.

பெயரில்லாத சீட்டில்தான் சில விஷயங்கள் வெளியே வரும். ஒரு காதல் படத்தில் ஹீரோ அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் வாசலில் தினமும் நிற்கிறான், பின்னாலேயே பஸ் ஏறுகிறான். எடுத்தவர்களுக்கு அது உருக்கம், பின்னணியில் வயலின் வேறு. சீட்டில் ஒருவர் எழுதியிருந்தார்: "இவன் அடுத்து ஏதாவது செய்துவிடுவான் என்று பயந்துகொண்டே பார்த்தேன். கடைசியில் சேர்ந்துவிட்டார்கள்." படித்ததும் டீமில் ஒருவன் "இது லவ்ஸ்டோரிங்க" என்று விளக்கம் சொல்லக் கிளம்பினான். விளக்க என்ன இருக்கிறது? பார்த்தவர் பயந்திருக்கிறார். காதல் கதை என்று நினைத்து நீங்கள் த்ரில்லர் எடுத்திருக்கிறீர்கள்.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் 1990-ல் இதற்கென்றே ஒரு முறையை வகுத்தார். முதலில் பார்த்தவர்கள் எது மனதில் நின்றது என்று சொல்ல வேண்டும். அடுத்து படைத்தவர் தன் சந்தேகங்களைக் கேட்கலாம். பிறகு பார்த்தவர்கள் தங்கள் அபிப்பிராயத்தை உள்ளே ஒளித்துவைக்காத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் "இந்த முடிவைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு, சொல்லலாமா?" என்று அனுமதி வாங்கிக்கொண்டு. எனக்கு மூன்றாவது படி ரொம்பப் பிடிக்கும். "ஏன் இவ்ளோ நீளமா வச்சீங்க?" என்பது கேள்வியே இல்லை, திட்டு. "அந்த ஷாட் ஓடும்போது நாங்க எதைப் பாக்கணும்னு நெனச்சீங்க?" என்றால் அவன் நின்று யோசிப்பான். நாலாவது படி மட்டும் நம் ஊரில் நொண்டும். அண்ணன் "சொல்லலாமா" என்று கேட்டால் எந்தத் தம்பி வேண்டாம் என்பான்?

2010-ஐ ஒட்டி கலைஞர் டிவியில் வந்த நாளைய இயக்குநர் என்ற குறும்படப் போட்டி நிகழ்ச்சியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் என்று சினிமா இயக்குநர்கள் வரிசையே அங்கிருந்து கிளம்பியது. குறும்படம் என்ற ஒன்று இருப்பதே பல வீடுகளுக்கு அதைப் பார்த்துத்தான் தெரியும். அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் கூடவே இரண்டு பழக்கமும் ஒட்டிக்கொண்டன என்பது என் அபிப்பிராயம். ஒன்று, கருத்து என்றால் நடுவர் தீர்ப்பு, எடுத்தவன் கைகட்டி நின்று கேட்க வேண்டும் என்பது. இரண்டு, குறும்படம் என்றாலே தயாரிப்பாளரிடம் நீட்டும் விசிட்டிங் கார்டு என்பது. அதனால் கருத்து கேட்கிறவன் மனசில் ஓடும் உண்மையான கேள்வி "இத வச்சு வாய்ப்பு கிடைக்குமாண்ணா?" அதை நேராகவே கேளுங்கள், அதற்குத் தனியாகப் பேசலாம். வாய்ப்புக்கான படத்தைப் பார்க்கும் கண் வேறு. தாத்தாவின் ஞாபகத்துக்காக எடுத்த படத்தை அந்தக் கண்ணால் பார்க்கக்கூடாது.

வாங்கிக்கொள்பவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். பேசாதீர்கள். "இல்லண்ணா, அங்க என்ன சொல்ல வந்தோம்னா" என்ற வாக்கியம் வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். யூடியூபில் பார்க்கும் ஒவ்வொருவர் பக்கத்திலும் உட்கார்ந்து அதைச் சொல்ல உங்களால் முடியாது. ஒரே இடத்தில் நாலு பேர் தடுக்கி விழுந்து, நாலு பேரும் நாலு காரணம் சொன்னால், காரணங்களை விட்டுவிட்டு இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தைய காட்சியில் இருக்கும். ரிலீஸுக்குப் பிறகும் பாடம் வேண்டும் என்றால் கமெண்ட்டைப் படிக்காதீர்கள், யூடியூப் ஸ்டுடியோவில் ரிடென்ஷன் கிராஃபைத் திறந்து பாருங்கள். முதல் 30 விநாடி முடியும்போது எத்தனை சதவீதம் பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று அது சொல்லும். ஒன்றரை நிமிடத்துக்கு டைட்டில் ஓட்டியவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவும்.

சொன்னதையெல்லாம் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் படத்தில், வயசான பெரியவர் ஒருவர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பூட்டி, சாவியை வேட்டி மடிப்பில் சொருகி, செருப்பைக் கழற்றி, வீட்டுக்குள் போவதை ஒரே ஷாட்டில், வெட்டாமல் காட்டுகிறான். ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. பாதியில் எனக்கு அலுத்துவிட்டது, அதைச் சொன்னேன். குறித்துக்கொண்டான், நன்றி சொன்னான், ஒரு ஃபிரேம்கூட வெட்டவில்லை. பார்த்தவர்களில் சிலருக்கு அந்த ஷாட்தான் பிடித்திருக்கிறது. அந்த ஷாட் தேவைக்கு மேல் நீளம் என்பதுதான் இன்றைக்கும் என் கட்சி. அடுத்த படத்தின் ரஃப் கட்டையும் எனக்குத்தான் முதலில் அனுப்பியிருக்கிறான். இதில் பெரியவர் மிதிக்கிற தையல் மெஷினில் நூல் கோக்கிறார்.