அம்மா இருக்கிறா தானே

போன கிழமை ஏதோ தேடப்போய் அம்மாவின் கிளினிக் கொப்பி கையில் பட்டது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதா மாதம் குளிசை எடுக்கிற கொப்பி. புரட்டிப் பார்த்தால் நடுவில் நாலு மாதம் திகதியே இல்லை. டொக்டர் கேட்டதற்கு "பஸ் வரல்ல" என்று சொல்லியிருக்கிறா. எங்கள் ஒழுங்கையால் இறங்கினால் மெயின் றோட்டு. கல்முனைக்கும் மட்டக்களப்புக்கும் ஓடுகிற பஸ் எல்லாம் அதால்தான் போகும். பஸ் வந்துதான் இருக்கும். அம்மாதான் போயிருக்க மாட்டா. மடியில் என் சின்னவன் இருந்திருப்பான்.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்பக்கம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. நான் எழுவான்கரைக்காரி, படிப்பிக்கிறது படுவான்கரையில். குருக்கள்மடத்தில் ஸ்கூட்டியோடு பாதையில் ஏறி அம்பிளாந்துறைப் பக்கம் இறங்குவேன். (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் இங்கே வாவியைக் கடக்கிற மிதவை. ஆளும் சைக்கிளும் மோட்டார் சைக்கிளும் ஒன்றாய் நிற்கும்.) 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு சுற்றிப் போகவும் வழி இருக்கிறது, ஆனால் பெற்றோல் கட்டாது. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்கும். அதற்கு வீட்டிலிருந்து ஆறு மணிக்கே வெளிக்கிட வேண்டும். அந்த நேரத்தில் எந்தப் பிள்ளை குளித்துச் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கும்?

பிரசவ லீவு முடிந்து முதல் நாள் பள்ளிக்கூடம் போய்த் திரும்பும்போது பாதையில் யாரோ ஒருவரின் கைக்குழந்தை அழுதது. என் பிள்ளை இல்லை. ஆனால் நெஞ்சுக்கு அது தெரியுமா? சட்டை நனைந்துவிட்டது. சாரித் தலைப்பை இழுத்துப் பார்த்தேன், பிறகு பயிற்சிக் கொப்பிக் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தபடி நின்றேன். பக்கத்தில் மீன் பெட்டியோடு நின்ற ஒரு மனிசி கண்டுகொண்டா.

"எத்தின மாசம்?"

"நாலு."

"ஆரு பாக்கிற?"

"அம்மா."

"அப்ப என்ன," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டா.

அந்த "அப்ப என்ன" இன்றைக்கும் காதில் நிற்கிறது. அந்த மனிசி ஆறுதலுக்குச் சொன்னா. ஆனால் ஊரும் அலுவலகங்களும் சட்டமும் எங்களைப் பற்றிப் போட்டிருக்கிற முழுக் கணக்கும் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. அம்மா இருக்கிறா தானே, அப்ப என்ன.

கணக்கைப் பாருங்கள். அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலை நாள். சனி, ஞாயிறு கழித்து எண்ணினால் நாலு மாதத்துக்குக் கிட்ட. அதற்குப் பிறகு அரைச் சம்பளத்தில் 84 நாள், சம்பளம் இல்லாமல் 84 நாள் எடுக்கலாம். எடுக்கலாம் என்பது சட்டம். வீட்டுக் கடன் கட்டுகிறவளுக்கு அது எட்டாது. இதே அரசாங்கத்தின் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், ஒரு துளி தண்ணீரும் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்வா. சரியாகத்தான் சொல்கிறா. நாலுக்கும் ஆறுக்கும் இடையில் கிடக்கிற இரண்டு மாதத்தை யார் கடத்துவது? கறந்து வைத்த பாலைக் கரண்டியால் ஊட்டி, சாரியில் கட்டிய ஏணை ஆட்டி, துணி அலம்பி அதைக் கடத்தியவ 61 வயதில் முழங்கால் வலியோடு இருக்கிற என் அம்மா. தகப்பனுக்கு அரசாங்கம் கொடுப்பது மூன்றே நாள். என் வீட்டுக்காரர் நல்ல மனிசன்தான், பிள்ளையைக் குளிப்பாட்டுவார், இரவில் எழும்புவார். ஆனால் அவர் செய்தால் ஊரே மெச்சும். அம்மா செய்தால் அது அம்மா.

தனியார் துறை நிலவரம் இன்னும் மோசமாய் இருந்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தை 2018இல் திருத்தும் வரைக்கும், இரண்டு பிள்ளை இருந்து மூன்றாவதும் பெற்றால் லீவு பாதிதான், 42 நாள். மூன்றாவது பிள்ளை பாதிப் பால் குடிக்குமாக்கும்! இப்போது எல்லாப் பிள்ளைக்கும் 84. பிள்ளைக்கு ஒரு வயது ஆகுமட்டும் நாளுக்கு இரண்டு தரம் பாலூட்ட இடைவேளையும் சட்டத்தில் உண்டு. ஒரு கடையில் கணக்கு எழுதுகிற என் தங்கச்சி இதைச் சொன்னதற்கு முதலாளி சிரித்தாராம். வீடு அரை மணித்தியாலத் தூரம், போய் ஊட்டிவிட்டு எப்படி வருவது? சிரித்ததில் ஒரு நியாயம் இருப்பதுதான் எரிச்சல்.

எங்கள் பக்கத்து முறையையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கோயிலில் என்ன குடி, அதாவது எந்தத் தாய்வழி வம்சம், என்று கேட்டால் அம்மாவின் குடியைத்தான் சொல்வோம். என் வீடும் அம்மாவின் வளவுக்குள்ளேயே கட்டியது, நடுவில் ஒரு கிணறும் இரண்டு தென்னையும். வெளியூர்ச் சிநேகிதிகள் "உனக்கென்னடி, மாமியார் தொல்லை இல்லை" என்று பெருமூச்சு விடுவார்கள். உண்மைதான். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சரக்குக் கறியும் பால்சுறா வறையும் முருங்கை இலையும் கேட்காமலே வந்த வீடு இது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த முறை எங்களுக்குத் தந்தது வீடு மட்டும் இல்லை, வீட்டோடு சேர்த்து ஒரு மனிசியையும் சீதனமாய்த் தந்தது. காணி உறுதி எழுதும்போது அது யாருக்கும் கண்ணில் படவில்லை.

அந்த மனிசி இல்லாதவள் என்ன செய்வாள்? என்னோடு படிப்பிக்கிற ஒருத்தி நாவலடிப் பக்கம். 2004 மார்கழி 26இல் அவளுடைய தாயைக் கடல் கொண்டு போனது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மூத்த பிள்ளை பிறந்தபோது பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காசு கொடுத்துப் பார்க்கவிட்டாள். எட்டு மாதத்தில் அந்த அக்காவுக்குக் குவைத்துக்கு விசா வந்தது, போய்விட்டா. இவள் சம்பளமில்லா லீவு போட்டாள். "சுனாமி எனக்கு இன்னும் முடியல்ல ரீச்சர்" என்று ஸ்டாஃப் றூமில் ஒரு நாள் சொன்னாள். தேநீர் குடித்துக்கொண்டுதான் சொன்னாள், அழவில்லை.

அந்தக் குவைத் அக்காவும் தாய்தான். 2013இல் இருந்து வீட்டு வேலைக்குப் போகிற பெண்களுக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று வைத்திருந்தார்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது, கூடியது என்றால் பிள்ளையை யார் பார்ப்பது என்று காட்ட வேண்டும். அக்கா காட்டியது தன் தாயை. தகப்பன்மார் வெளிநாடு போவதற்கு அப்படி ஒரு படிவம் யாரும் கேட்டதில்லை. 2022இல் காசு இல்லாமல் நாடு தவித்தபோது டொலருக்காக அதைத் தளர்த்தினார்கள். அதுவரைக்கும் தாயின் அணைப்புப் பற்றி எவ்வளவு பேச்சு!

ஆக, இந்த இரண்டு பெண்களுக்கும் எனக்கும் ஒரே விசயம்தான். நான் உழைக்கிறேன் என்று சொல்வதில் பாதி அம்மாவின் உழைப்பு. அது எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை. ஓய்வூதியமும் இல்லை, லீவும் இல்லை. ஒரு காலத்தில் மாதம் பத்தாயிரம் கொடுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கினா. ஒரு வருசம் கழித்து என் மகளின் காதில் புதுத் தோடு.

வேலையை விடு என்று சிலர் பின்னூட்டத்தில் எழுத வருவீர்கள், தெரியும். விடமாட்டேன். அம்மா என்னைப் படிப்பித்தது அதற்கு இல்லை. நான் கேட்பது சின்ன விசயம்: படுவான்கரையில் நாலைந்து பள்ளிக்கூடம் கிட்டக் கிட்ட இருக்கிற இடத்தில் ரீச்சர்மாரின் கைக்குழந்தைகளைப் பார்க்க ஒரு நல்ல இடம், காலை ஏழில் இருந்து இரண்டு மணிவரை. முன்பள்ளி உதவாது, அது கைக்குழந்தையை எடுக்காது, எடுத்தாலும் நண்பகலுக்கு முன்னமே பூட்டிவிடுவார்கள். ஒரு கட்டடமும், பயிற்சி பெற்ற, சம்பளம் வாங்குகிற இரண்டு மூன்று பெண்களும் போதும். சம்பளம் என்ற சொல்லை வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

அடுத்த கிளினிக்குக்கு நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னேன், "எனக்கென்ன வருத்தம், நீ பள்ளிக்கூடம் போ மகள்" என்றா. கொப்பியைக் காட்டினேன். பேசவில்லை, முருங்கை இலை ஆயப் போய்விட்டா.

நேற்றுப் பின்னேரம் வந்து பார்க்கிறேன், கொடியில் பழைய வொயில் சாரிகள் துவைத்துக் காய்கின்றன. ஏணைக்கு. தங்கச்சிக்கு ஏழாம் மாதம்.

"இப்பவே என்ன அவசரம் அம்மா?"

"மறுகா எனக்கு எங்க நேரம்?" என்றா, சாரியை உதறி மறு பக்கம் போட்டபடி.