துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே அந்தக் காகிதம்

அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் படித்த ஒரு வரி மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. டெக்சாஸில் ரஹிமி என்ற ஆளின் வீட்டைப் போலீஸ் சோதனை போடுகிறது. ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ரைஃபிள், தோட்டாக்கள் கிடைக்கின்றன. கூடவே, துப்பாக்கியே வைத்திருக்கக் கூடாது என்று அவருக்கு கோர்ட் போட்ட உத்தரவின் நகலும் கிடைக்கிறது!

கதை 2019 டிசம்பரில் ஒரு பார்க்கிங் இடத்தில் தொடங்குகிறது. தன் குழந்தைக்குத் தாயான காதலியோடு சண்டை. அவள் கிளம்பப் பார்க்கிறாள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து காருக்குள் தள்ளுகிறார், டாஷ்போர்டில் அவள் தலை மோதுகிறது. யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் பட்டதும் சீட்டுக்கு அடியிலிருந்து துப்பாக்கியை எடுக்கிறார். அந்த இடைவெளியில் அவள் தப்பி ஓடுகிறாள். இவர் சுடுகிறார். அப்புறம் போனில் கூப்பிட்டு, வெளியே சொன்னால் உன்னைச் சுட்டுவிடுவேன் என்கிறார். 2020 பிப்ரவரியில் கோர்ட் இரண்டு வருடத்துக்குப் பாதுகாப்பு உத்தரவு போட்டது. அவர் அதை எதிர்த்து வாதாடவே இல்லை. அதற்குப் பிறகும் பல துப்பாக்கிச்சூடுகளில் போலீஸ் அவரைச் சந்தேகித்தது. அதில் ஒன்று, பர்கர் கடையில் நண்பரின் கிரெடிட் கார்டு வேலை செய்யவில்லை என்று வானத்தை நோக்கிச் சுட்டது.

இப்படி உத்தரவு உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது 1994 முதல் அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். ஆனால் 2022இல் உச்ச நீதிமன்றம் ஒரு புது அளவுகோல் வைத்தது: துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் நாட்டின் பழைய மரபில் அதற்கு முன்மாதிரி இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு 2023இல் ரஹிமியின் வழக்கில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தச் சட்டமே செல்லாது என்றது. மனைவியை அடிப்பதைப் பெரிய குற்றமாகவே நினைக்காத, பெண்ணுக்கு ஓட்டே இல்லாத காலத்தில் போய் இதற்கு முன்மாதிரி தேடினால் எங்கே கிடைக்கும்?

2024 ஜூன் 21ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 8-1 என்று அந்தத் தீர்ப்பை மாற்றி, சட்டம் செல்லும் என்றது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தேடிப்பிடித்த முன்மாதிரிகளில் ஒன்று பிணைச் சட்டம்: ஒருவரால் ஆபத்து வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே பிணை எழுதி வாங்குவது. கணவனுக்கு எதிராக மனைவியும் கேட்கலாம். நம் ஊரில் ‘107 போட்டுட்டாங்க’ என்று சொல்வோமே (2024 வரை இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆவது பிரிவு), அதுவும் இதேபோல இங்கிலாந்திலிருந்து வந்த சரக்குதான். எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். 2022 தீர்ப்பை எழுதியவரும் அவர்தான்.

குற்றம் நிரூபிக்கப்படாமல் ஒருவரின் உரிமையைப் பறிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்தச் சட்டப்படி அவருக்கு நோட்டீஸ் போக வேண்டும், தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், தடையும் உத்தரவு இருக்கும் வரைதான். எனக்கு அது போதும். என் குறை வேறு. அந்த விசாரணைக்கு முன்னால் அவசரமாகப் போடும் தற்காலிக உத்தரவுக்கு இந்த மத்தியச் சட்டம் பொருந்தாது. பெண் வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் நாட்கள்தானே மிக ஆபத்தானவை? சேர்ந்து வாழாத, குழந்தையும் இல்லாத காதலனுக்கும் பொருந்தாது.

சரி, பொருந்துகிறவர்களிடமிருந்தாவது துப்பாக்கியை யார் போய் வாங்குவது? வைத்திருக்காதே என்று சொல்லும் மத்தியச் சட்டம் அதை எங்கே, எப்படி ஒப்படைப்பது என்று சொல்வதில்லை. கலிபோர்னியாவில் உத்தரவு கைக்கு வந்த 24 மணி நேரத்தில் ஒப்படைத்து, 48 மணி நேரத்தில் ரசீதைத் தாக்கல் செய்ய வேண்டும். எல்லா மாநிலத்திலும் இப்படி இல்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்ச் சட்டத்தைக் காப்பாற்றிவிட்டு, ரசீது கேட்க ஆள் போடாமல் விட்டால் எப்படி?

1999 ஜூனில் கொலராடோவின் காஸில் ராக் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். பாதுகாப்பு உத்தரவு வாங்கிய ஒரு தாயின் 7 முதல் 10 வயது வரையிலான மகள்கள் மூவரையும் தகப்பன் கூட்டிக்கொண்டு போய்விட்டான். மாலை ஏழரை மணி சுமாரிலிருந்து அவள் போலீசுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். பத்து மணி வரை பாருங்கள் என்றார்கள். பிறகு நள்ளிரவு வரை என்றார்கள். நள்ளிரவு தாண்டி நேரில் ஸ்டேஷனுக்கே போனாள். விடிகாலை 3:20க்கு அவன் ஸ்டேஷனுக்கு வந்து சுடத் தொடங்கினான். அந்தத் துப்பாக்கி முந்தைய மாலைதான் வாங்கியது. போலீஸ் திருப்பிச் சுட்டதில் அவன் செத்தான். வண்டிக்குள் மூன்று பிள்ளைகளின் உடல்கள்.

அவள் போட்ட வழக்கில், உத்தரவை அமல்படுத்தச் சொல்லிக் கேட்க அவளுக்கு அரசியல் சாசன உரிமை கிடையாது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று சொல்லிவிட்டது. அந்த உத்தரவின் பின்பக்கத்தில் போலீசுக்கு ஒரு குறிப்பு அச்சிட்டிருந்தார்கள்: இதை அமல்படுத்த நியாயமான எல்லா வழிகளையும் நீங்கள் கையாள வேண்டும் என்று.