செயற்கை மூச்சுக்குழாயும் ‘வேறு வழியில்லை’ என்ற சமாதானமும்

சோதித்துப் பார்க்காத சிகிச்சையை மனிதர்மீது அவசர அவசரமாகச் செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, “எப்படியும் பிழைக்கப் போவதில்லை, முயன்று பார்த்தால் என்ன குறைந்துவிடும்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்ததைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை என்னால் ஏற்க முடியவில்லை.

2011 ஜூனில் அறுவைச் சிகிச்சை நிபுணர் பாவ்லோ மக்கியாரினி, ஐஸ்லாந்தில் படித்துக்கொண்டிருந்த எரித்திரிய மாணவர் ஒருவரின் மூச்சுக்குழாயைக் கட்டியோடு அகற்றிவிட்டு, அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்களை) படியவைத்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தினார். செல்கள் பெருகி அதை உயிருள்ள உறுப்பாக்கிவிடும் என்று நம்பச் சொன்னார்கள். இந்த முறை விலங்குகளில் முறையாகச் சோதிக்கப்பட்டிருக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பெறப்படவில்லை.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அவை உயிரோடிருக்க இரத்த ஓட்டம் வேண்டும். பிளாஸ்டிக் குழாய்க்கு இரத்த நாளம் எங்கிருந்து வரும்? 2012-இல் இதே போன்ற குழாய் பொருத்தப்பட்ட துருக்கியப் பெண்ணுக்கு, இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சளியை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. மீண்டும் மீண்டும் கத்திக்குத் தன்னை ஒப்புக்கொடுத்து, ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்து, 2017-இல் அவர் இறந்தார். குறைவதற்கு என்ன இருக்கிறது என்பவர்கள் அந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதைவிட என்னை உலுக்கியது ரஷ்யாவின் கிராஸ்னதாரில் நடந்தது. அங்கே 2012-இல் இந்தக் குழாயைப் பெற்ற இளம்பெண், கார் விபத்தில் மூச்சுக்குழாய் சேதமடைந்து, கழுத்தில் இட்ட துளை வழியாகச் சுவாசித்துவந்தவர். துன்பப்பட்டார், ஆனால் சாகும் தறுவாயில் இருக்கவில்லை. 2014-இல் இறந்துபோனார். சாகப்போகிறவருக்கு மட்டும் என்று தளர்த்திய விதி ஒரே ஆண்டில் எவ்வளவு தூரம் போய்விட்டது, பாருங்கள்.

முதல் அறுவைச் சிகிச்சை நடந்து ஐந்து மாதங்களில், 2011 நவம்பரில், ‘லான்செட்’ மருத்துவ இதழில் அதைப் பற்றிய நம்பிக்கையூட்டும் கட்டுரை வந்தது. அதே மாதத்தில் இரண்டாவது நோயாளிக்கும் குழாய் பொருத்தினார்கள். அவர் சில மாதங்களில் இறந்தார். முதலாமவர் 2014 ஜனவரி வரைதான் இருந்தார். அந்த ஆண்டு, உடன் பணியாற்றிய நான்கு மருத்துவர்கள் மருத்துவப் பதிவேடுகளையும் கட்டுரைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துப் புகார் கொடுத்தார்கள். வெளியிலிருந்து விசாரித்த பேராசிரியர் முறைகேடு நடந்ததாகவே அறிக்கை கொடுத்தும், 2015-இல் அவர் பணியாற்றிய மருத்துவப் பல்கலைக்கழகமான கரோலின்ஸ்கா நிறுவனம் மக்கியாரினியைக் குற்றமற்றவர் என்றது. 2016-இல் ஸ்வீடன் தொலைக்காட்சி ஆவணப்படத்தின் மூலம் இதை அம்பலப்படுத்திய பிறகே அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவரை அழைத்துவந்து, பாராட்டி, காத்துநின்ற நிர்வாகிகளில் யாரும் சிறைக்குப் போகவில்லை. இது எனக்கு ஆறவே இல்லை.

உயிருக்குப் போராடுபவர் எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்திடுவார். அதனாலேயே அவருக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை. விதிவிலக்கு தந்தே ஆக வேண்டும் என்றால், சிகிச்சை செய்த குழுவோடு தொடர்பில்லாத மருத்துவர்கள் முதல் நோயாளியை நேரில் பரிசோதித்து எழுத்தில் ஒப்புதல் தரும்வரை, இரண்டாவது நோயாளியைத் தொட யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது.