நரிக்குறவர் பற்றி ஒரு திருத்தம்

"நரிக்குறவர்கள் சுதந்திரம் வந்த நாள்முதல் பழங்குடியினர் சலுகையை அனுபவிக்கிறார்கள், ஆனாலும் ஊர் ஊராகத் திரிவதை விடவில்லை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது உண்மையல்ல. தமிழ்நாட்டில் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் இருந்தார்கள். பழங்குடியினராகச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு அமைத்த லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-ல். நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். இடையில் 57 ஆண்டுகள்! அத்தனை காலம் காத்திருக்க வைத்துவிட்டு, சலுகையைத் தின்றார்கள் என்று பழி சொல்வது எந்த நியாயம்?

திரிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேட்டைதான் அவர்களுடைய பிழைப்பாக இருந்தது. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அதுவும் பறிபோனது. காட்டைக் காக்க அந்தச் சட்டம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்களுக்கு மாற்றாக நிலம் கொடுத்தோமா? ஊசியும் பாசிமணியும் விற்கிறவர் கூட்டம் இருக்கும் இடத்துக்குத்தானே போயாக வேண்டும்? பேருந்து நிலையத்தில் அவர் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போகிறவர்கள் நாம்தான்.

இன்னொன்று: அவர்களும் தமிழ்க் குறவர்களும் ஒரே சமூகமல்ல. அவர்கள் வீட்டில் பேசும் வாக்ரிபோலி, குஜராத்திக்கு உறவான இந்தோ-ஆரிய மொழி.