ஃபிளோ கணக்கு அனுப்புகிறீர்கள் சரி, எண்ணிய விதத்தை யார் சொல்வது?

"எங்க ரவுட்டர் ஐபிஃபிக்ஸ் சப்போர்ட் பண்ணும்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: சாம்ப்ளிங் விகிதத்தையும், அதாவது எத்தனை பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) ஒன்றைப் பார்த்து எண்ணியது என்பதையும், சேர்த்து அனுப்புமா? பெரும்பாலும் பதில் வராது. விற்றவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய ரவுட்டர் வழியே போகும் எல்லாவற்றையும் பிடித்து வைப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால் எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு, எந்த போர்ட்டில், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது, எத்தனை பாக்கெட், எத்தனை பைட் என்று மட்டும் ஒரு வரிக் கணக்கு எழுதி, கலெக்டர் எனப்படும் சர்வருக்கு அனுப்பிவிடும். இதுதான் ஃபிளோ ரெக்கார்டு; அதை எப்படி அனுப்புவது என்பதற்கான பொதுத் தரம்தான் ஐபிஃபிக்ஸ். பல இடங்களிலிருந்து டிராஃபிக்கைக் கொட்டி முடக்கும் டிடாஸ் தாக்குதலைக் கண்டுபிடிப்பதும், எந்த லிங்க்கை எப்போது பெரிதாக்கலாம் என்று முடிவெடுப்பதும் இந்த வரிகளை நம்பித்தான்.

1990களில் சிஸ்கோ கொண்டுவந்த நெட்ஃபிளோதான் இதற்கு முன்னோடி. அதன் வெர்ஷன் 5ல் ஒரு ரெக்கார்டு 48 பைட், எந்தப் புலத்தையும் மாற்ற முடியாது, ஐபிவி6க்கு இடமே கிடையாது. வெர்ஷன் 9ல் டெம்ப்ளேட் வந்தது: "இந்த வரிசையில் இந்தப் புலங்கள் வரும்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தரவை அனுப்பும் முறை. இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் ஐந்து புரோட்டோகால்களை ஒப்பிட்டுப் பார்த்து, அந்த வெர்ஷன் 9ஐயே ஐபிஃபிக்ஸுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டது. அதன் தர ஆவணம் 2008ல் ஆர்எஃப்சி 5101, அதைத் திருத்தி 2013ல் ஆர்எஃப்சி 7011. இன்றும் ஐபிஃபிக்ஸ் செய்தியின் தலைப்பில் வெர்ஷன் எண் 10 என்றுதான் இருக்கும்.

நல்ல தரம்தான், மறுக்கவில்லை. புலங்களுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் ஐயானா பட்டியலில் 8 என்றால் மூல ஐபிவி4 முகவரி, எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் அதேதான். என் சண்டை வேறு இடத்தில். தரவை எப்படிக் கட்டி அனுப்புவது என்பதில் காட்டிய கறார், எப்படி எண்ணினாய் என்பதில் இல்லை.

சாம்ப்ளிங்கையே எடுத்துக்கொள்வோம். வேகமான லிங்க்கில் 1000 பாக்கெட்டுக்கு ஒன்றைத்தான் பார்ப்பார்கள். அந்த 1000 என்ற எண் கலெக்டருக்குத் தெரிந்தால்தான் பெருக்கி உண்மை அளவைச் சொல்ல முடியும். அதை அனுப்ப ஆப்ஷன்ஸ் டெம்ப்ளேட் என்று வழியும் இருக்கிறது. ஆனால் பல பெட்டிகளில் அதைத் தனியாக ஆன் செய்யவேண்டும். செய்யாதபோது யாரோ ஒருவர் கலெக்டரில் கையால் 1000 என்று போட்டுவிட்டுப் போவார். ரவுட்டரில் சிபியு ஏறுகிறது என்று பிறகு இன்னொருவர் அதை 2000 ஆக்குவார். மறுநாள் காலை கிராஃபில் டிராஃபிக் பாதியாகிக் கிடக்கும். ஒரு ரெக்கார்டிலும் பிழை இருக்காது, தரம் அப்படியே கடைப்பிடிக்கப்பட்டிருக்கும்!

டைம்அவுட்டும் அதே ரகம். ஆக்டிவ் டைம்அவுட், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஃபிளோவுக்கு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை கணக்கு அனுப்புவது என்ற கெடு, 30 நிமிடம் என்று இருக்கும் பெட்டியில், 400 மெகாபிட் வேகத்தில் 25 நிமிடம் ஒரு பேக்கப் ஓடுகிறது என்று வையுங்கள். முடிந்த பிறகுதான் கணக்கு மொத்தமாக வந்து விழும். தொடக்க நேரத்தைப் பார்த்துப் பரப்பிப் போடத் தெரியாத கலெக்டர் அதை ஒரே நிமிடத்தில் போடும். 1 ஜிகாபிட் லிங்க்கில் 10 ஜிகாபிட் போனதாகப் படம் வரும். அதை வைத்துக் கூட்டம் போட்டு விவாதிப்பார்கள், அது தனிக் கதை.

அனுப்பும் வழியிலும் ஏட்டுக்கும் களத்துக்கும் ஒட்டவில்லை. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று கவனிக்கும் எஸ்சிடிபி கட்டாயம் என்று ஆர்எஃப்சி சொல்கிறது. களத்தில் ஓடுவது அதைக் கவனிக்காத யுடிபி. கலெக்டரை ரீஸ்டார்ட் செய்தால் அடுத்த டெம்ப்ளேட் வரும்வரை வந்து குவிகிற தரவெல்லாம் ஊமை கண்ட கனவு. தாக்குதல் நடக்கும்போது அந்தச் சில நிமிடம் எவ்வளவு நீளம் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். வரிசை எண்ணிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: நெட்ஃபிளோ 9ல் அது பாக்கெட்டை எண்ணும், ஐபிஃபிக்ஸில் ரெக்கார்டை எண்ணும். இரண்டையும் ஒன்றாக நினைக்கும் மென்பொருள், தொலையாத தரவைத் தொலைந்ததாகச் சொல்லும்.

"எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் சின்னப் பெட்டிகள் தாங்காது" என்பார்கள். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குட்டி ரெக்கார்டு அனுப்ப முடியாத பெட்டி, ஆயிரக்கணக்கான ஃபிளோக்களை மட்டும் எப்படி அனுப்புகிறதாம்?

தரம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வாங்குகிறவர் கையில் பிடி இருக்கிறது. டெண்டரில் "ஐபிஃபிக்ஸ் ஆதரவு" என்று ஒற்றை வரி போட்டுவிட்டு நகராதீர்கள். பெட்டி அனுப்பும் தரவைப் பிடித்து வைத்த சாம்பிள் கேப்சர் கேளுங்கள், பாக்கெட்டைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் திறந்து பாருங்கள். செய்தியின் ஒவ்வொரு பகுதிக்கும் செட் ஐடி என்று ஓர் எண் இருக்கும்: 2 என்றால் டெம்ப்ளேட், 256லிருந்து மேலே தரவு. நீங்கள் தேடவேண்டியது 3, அதுதான் ஆப்ஷன்ஸ் டெம்ப்ளேட். அதில் சாம்ப்ளிங்குக்கான 305, 306 போன்ற புலங்களும், டைம்அவுட்டுக்கான 36, 37ம் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எப்போது வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு விலை பேசுங்கள்.